சேர்வு இடாப்பில் உன் பெயர்

தம்பி,

இந்தக் கடிதத்தை உன்னால் வாசிக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், சண்டை பிடிக்க வரும், பெற்றவளை ஒரே கேள்வியில் வாயடைக்கவும் வரும். எழுத்து மட்டும் வராது. அதனால் உன் மனைவி வாசித்துச் சொல்லட்டும். அவள் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, தமிழில் படித்தவள், என் கோழிக்கிறுக்கல் அவளுக்குப் பழக்கம். மகளே, நடுவில் எங்கேயாவது சங்கடமாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதே, உள்ளதை உள்ளபடி வாசி. இதே கடிதத்தின் இன்னொரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். நான் மாலை வாங்கியது ஊர் முன்னால், பதில் சொல்வதும் ஊர் முன்னால்தான் இருக்க வேண்டும். உனக்கு இது பிடிக்காது. பிடிக்காத எத்தனையோ காரியத்தை உன்னிடம் கேட்காமலே செய்தவள் நான், இதையும் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி, புளத்கொகுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். வந்த காரணத்தைச் சோறு போட்ட பிறகுதான் சொன்னேன். நம் தோட்டத்து மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடச் சொல்லிக் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்திருக்கிறது. பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பது மலையை இறங்கி, தெரணியகலை டவுனைத் தாண்டி, அதற்கப்பாலும் போக வேண்டிய இடம். காலையில் ஓடிக்கொண்டிருந்த அரசாங்க பஸ்ஸையும் போன வருடம் நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை பிள்ளைகளை எண்ண வருகிறார்கள், தரம் ஒன்றுக்கு இரண்டே இரண்டு பெயர்தான் இருக்கிறது என்று சொன்னேன். "ஜனவரியில ஒன் மக தரம் ஒன்னுக்குத்தானே போறா. எங்கிட்ட விடு. நான் பாத்துக்கிறேன். மெம்பர் பேத்தியே இங்கதான் படிக்குதுன்னா மத்தவங்களும் சேப்பாங்க" என்றேன்.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிறகு நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாய்: "அன்னைக்கி என்னைய ஒரு நாளைக்கு எரவல் வாங்குனீங்க. இப்ப என் மகளையாம்மா?"

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாய். இருபத்தைந்து வருடமாக நீ அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நிம்மதியாக இருந்தேன். உன் மனைவி என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன இரவல், எந்த நாள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் எனக்கு டீ ஊற்றினாள். அந்த டீயைக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அப்போது எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை, ஸ்டாண்டில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கும் தெரியட்டும், முதலிலிருந்து சொல்கிறேன். நான் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் தேயிலைக் கொழுந்துக்கும் இறப்பர் பால் வெட்டவும் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவளைத் தொழிற்சங்கத்தில் இழுத்துவிட்டார்கள், ஏனென்றால் எனக்குச் சத்தம் அதிகம். மாகாண சபைத் தேர்தல் வந்தபோது பட்டியலில் ஒரு பெண் பெயர் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று என் பெயரைக் கடைசியில் போட்டார்கள். அழகுக்கு வைத்த பெயர், ஆளைப் பார்த்துப் போடுகிற விருப்பு வாக்கில் மேலே வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் முகத்தில் அன்று ஈயாடவில்லை. அப்படித்தான் நான் இரத்தினபுரிக்கு, சபைக்குப் போனேன். உனக்கு அப்போது எட்டு வயது.

முதல் ஆறு மாதம் நான் அங்கே பேசியது யார் காதிலும் ஏறவில்லை. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்திருந்தார்கள், அதில் மொழிபெயர்ப்பு வரும் என்றார்கள். மொழிபெயர்க்கிறவர் பாதி நாள் லீவு. அவர் வராத நாளில் நான் தமிழில் எழுந்து பேசினால், சிங்கள உறுப்பினர்கள் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேப்பர் புரட்டுவார்கள். கோபமாகப் பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. ஒரு நாள் முடிவெடுத்தேன், இவர்களுக்குப் புரிகிற பாஷையிலேயே பேசிவிடுவது என்று. கடைச் சிங்களம் எனக்கு வரும். மரக்கறி வாங்க, பஸ்ஸில் சண்டை போட அது போதும். சபைச் சிங்களம் வேறு. அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு வாத்தியார் வீட்டிலேயே இருந்தான். தெரணியகலை டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் நாலாம் தரம் படித்துக்கொண்டிருந்தான்.

உன்னை அங்கே சேர்த்தது நான்தான். உன் அப்பா வேண்டாம் என்றார். "நாளைக்கு இவன் நமக்குக் காயிதம் எழுதணும்னா எந்த எழுத்துல எழுதுவான்?" என்று கேட்டார். பால் வெட்டுகிற மனிதருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நம் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு வாத்தியார் இல்லை. ஐந்தாம் தரத்துக்குப் பிறகு வகுப்பே இல்லை. நான் பிரதேச செயலகத்தில் கையில் சிங்கள ஃபாரத்தை வைத்துக்கொண்டு, யாராவது நிரப்பித் தருவார்களா என்று முகம் முகமாகப் பார்த்து நின்றிருக்கிறேன். என் பிள்ளை அப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அது பிழை என்று இன்றைக்கும் என் வாயால் முழுசாகச் சொல்ல மாட்டேன். நீ அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாய், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாய். எந்தத் தாயாவது அதைப் பிழை என்பாளா? பிழை அதற்குப் பிறகு நடந்தது.

அந்த வருடம் கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வர வேண்டிய பணத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டு மேலே விழுந்தால் வலி கீழே தெரியும். பிரசவம் பார்க்கிற மருத்துவமாது ஓய்வு பெற்றுப் போன இடத்துக்கு ஆள் போடவில்லை. டிஸ்பென்சரிக்கு வாரம் ஒருமுறை வந்த டாக்டர் மாதம் ஒருமுறை என்றானார். கடைசியில் மூட வேண்டிய பள்ளிக்கூடங்களின் பட்டியல் ஒன்றை எங்கள் மேசைகளில் வைத்தார்கள். பட்டியலில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருந்தன, மலை உச்சியில் ஏழைச் சிங்களப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்களும் இருந்தன. டவுன் பள்ளிக்கூடம் ஒன்றுகூட இல்லை. நம் மேல்பிரிவு இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதை மூட விடமாட்டேன் என்று அந்த நாற்காலியிலேயே சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை, அதை மட்டும் நம்பு.

பேச்சைச் சங்கத்து ஆள் ஒருவர் சிங்களத்தில் எழுதித் தந்தார். அதை நீ வாசிக்க வாசிக்க, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பத்து நாள் சாயந்திரத்தில், தோட்டத்து வரிசை வீடான நம் லயத்து வாசலில் உட்கார்ந்து பாடம் நடந்தது. கையில் அடிமட்டத்தோடு நீ நிற்பாய். நான் தப்பாகச் சொன்னால் படியில் ஒரு தட்டு தட்டுவாய். "அம்மா, அப்புடி சொன்னா சிரிப்பாங்க. திரும்பச் சொல்லுங்க." உன் அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மெம்பரம்மாவுக்கு வாச்ச வாத்தியாரப் பாரு" என்று சிரிப்பார். அந்தப் பேச்சில் ஒரு வரி எனக்கு நாக்கில் உருளவே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இல்லை என்று வருகிற வரி. அதை இருபது தரம் சொல்ல வைத்துவிட்டு நீ கேட்டாய்: "அம்மா, எங்க பிள்ளைகன்னா அதுல நானுமா?" நான், "நீயுந்தான், ஒழுங்கா சொல்லிக்குடு" என்றேன். அங்கேயே நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் பிந்தித்தான் வரும்.

அன்று சபையில் நான் பேசினேன். பேப்பர் புரட்டுகிறவர்கள் புரட்டுவதை நிறுத்தினார்கள். தோட்டத்துப் பெண்ணின் வாயில் அந்தச் சிங்களம் வருமென்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வெட்டுகிற பணத்தை மந்திரிகளின் வாகனத்தில் வெட்டுங்கள், எங்கள் பிள்ளைகள் உட்காருகிற வாங்கில் வெட்டாதீர்கள் என்றேன். எதிர்ப்பக்கத்திலும் மேசை தட்டினார்கள். நான் உட்காரப் போன நேரத்தில் எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. கௌரவ உறுப்பினரின் மகன் எந்தப் பாடசாலையில் படிக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம், தம்பி. என் மகன் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், ஏனென்றால் நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் தரவில்லை, அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல பேச்சு இருந்திருக்காது. இந்தப் பதிலை நான் இருபத்தைந்து வருடமாகக் கொழுந்துக்காட்டிலும் அடுப்படியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று சொன்னது வேறு. "எங்கள் தோட்டப் பாடசாலையில்தான்" என்றேன், நீ சொல்லித் தந்த சிங்களத்தில், ஒரு பிசகு இல்லாமல். முன்னதைவிடப் பலமாக மேசை தட்டினார்கள். அது சபையின் பதிவில் ஏறிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ் குருவிட்டயைத் தாண்டுகிற வரைக்கும் எனக்குப் பெருமை. பள்ளிக்கூடங்களை மூடுமுன் ஒரு அதிகாரி நேரில் போய்ப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சபையில் முடிவாகியிருந்தது. அது என் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி. அந்த வெற்றி நேராக என் வாசலுக்கு வரப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இப்போது அங்கே அதிபராக இருக்கிறாரே, அதே சேர்தான், அப்போது மீசை சரியாக முளைக்காத வாத்தியார், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் அவர் ஒருவர்தான். பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயர் எழுதுகிற சேர்வு இடாப்பைத் திறக்கச் சொன்னேன். "மெம்பரம்மா, இது சரியா வருமா?" என்றார். "ஒரே ஒரு பேருதானே சேர். இஸ்கூல காப்பாத்தத்தானே" என்றேன். உன் பெயரை எழுதினார். பெற்றோர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

எண்ண வருகிற நாளுக்குக் கீழ்ப்பிரிவிலிருந்து பதினைந்து பிள்ளைகளை இரவல் வாங்கினோம். அவர்களில் பாதிப்பேர் வேறு பள்ளிக்கூடம், மீதிப்பேர் பள்ளிக்கூடத்தையே விட்டவர்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உடுப்பு மாற்ற வேண்டிய வேலைகூட இருக்கவில்லை, இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே நீலக் காற்சட்டை. அன்றைக்கு உன் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நீ பேச வேண்டியிருந்தது. எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அதே பத்து நாளில் உன் பேச்சையும் நீ மனப்பாடம் செய்திருந்தாய். "இன்னைக்கி நான் போகாட்டி மிஸ் வேற பிள்ளைக்கி குடுத்துருவாங்கம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாய். "ஒரு நாளைக்குத்தானேடா" என்றேன். உன் பேச்சு எதைப் பற்றியது என்று நான் கேட்கவே இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிகாரி நடுத்தர வயதுச் சிங்கள மனிதர். குடையை மடக்கி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ணினார். சிரித்த முகம். எண்ணி முடித்ததும், "மந்திரிதுமியகே புத்தா கௌத?" என்றார், மெம்பரின் மகன் யார் என்று. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் பேச்சைப் பேப்பரில் வாசித்திருந்தாராம், அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசை. சேர் உன்னைக் காட்டினார். அதிகாரி மேசையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, ஏதோ ஒரு பக்கத்தை விரித்து உன் கையில் கொடுத்து, "புத்தா, மேக கியவன்ன" என்றார், மகனே இதை வாசி என்று. அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை வாசிக்கிற சத்தத்தைக் கேட்க நினைத்தார், அவ்வளவுதான்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நீ புத்தகத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். சேரையோ அந்த மனிதரையோ பார்க்கவில்லை, நேரே ஜன்னலைத்தான் பார்த்தாய். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை முதல் வரியை வாய்க்குள் சொல்லித் தந்தாள், அதை நீ வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் தமிழ் தெரியாதே, நீ எதையாவது உளறியிருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். உனக்கும் அது தெரியும், நீ கெட்டிக்காரன். புத்தகத்தை மூடிவிட்டு, உன் பள்ளிக்கூடக் கூட்டத்தில் நின்று பேசுவதுபோல் நிமிர்ந்து நின்று சிங்களத்தில் சொன்னாய். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது சேர், நான் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை, அம்மா கூட்டிக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளை வெளியே விளையாட விடச் சொன்னார் அதிகாரி. என்னை உள்ளே கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது, ஆனால் கோபமும் இல்லை. நான் அழத் தயாராகப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மேடம், என் மகளும் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, இரத்தினபுரிக்குத்தான் அனுப்புகிறேன். எங்கள் பள்ளிக்கூடமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது" என்றார். இரவல் பிள்ளைகளையும் உன்னையும் சேர்த்து முழு எண்ணிக்கையையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவருக்கென்று ஊற்றிவைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

பள்ளிக்கூடம் தப்பியது. கோயிலடியில் எனக்கு மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய தாய் என்று பேனர் கட்டினார்கள். அந்த மனிதர் எனக்கு இரக்கம் காட்டினார் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. நம் பிள்ளையை நம்பி விடமாட்டோம், ஆனால் மற்றவன் பிள்ளைக்கு அது இருக்கட்டும் என்று நானும் அவரும் அந்த வகுப்பறையில் வாய் திறக்காமல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். கொழும்பில் வெட்டுகிறவர்கள் பிள்ளையும் இங்கே படிக்கவில்லை, இரத்தினபுரியில் வெட்டாதே என்று கத்தியவள் பிள்ளையும் இங்கே படிக்கவில்லை. அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

நீ அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாய், சாப்பிட்டாய், படுத்தாய். அடுத்த கூட்டத்துக்கு மருத்துவமாது விஷயமாகப் பேச இருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு வாசலில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஹோம்வேர்க் இருக்கும்மா" என்றாய். அதற்கடுத்த முறையும் ஹோம்வேர்க் இருந்தது. பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். என் சிங்களம் அன்றைக்கு எந்த இடத்தில் நின்றதோ அங்கேயேதான் இன்றும் நிற்கிறது. மருத்துவமாது வந்தாள், பஸ் வந்தது, எல்லாம் திக்கித் திணறிப் பேசியே வாங்கினேன். கணக்கு வாத்தியார் மட்டும் வரவில்லை.

இப்போது அந்தச் சபையே இல்லை. காலம் முடிந்து கலைந்தது, தேர்தலை வைக்கிறோம் வைக்கிறோம் என்றார்கள், வைக்கவில்லை. வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், எழுந்து நின்று கேட்க ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. என் கடிதத் தலைப்புத் தாளில் ஒரு கட்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன், வேறு எதற்கு ஆகப் போகிறது. ஆளுநருக்கு எழுதினேன், அமைச்சுக்கு எழுதினேன். கிடைத்தது என்று பதில் வந்தது.

ஆனால் அவர்களை மட்டும் திட்டிக் கடிதத்தை முடிக்க எனக்கு இனி வெட்கமாக இருக்கிறது. இந்தச் சுற்றுநிருபம் வந்த பிறகு லயம் லயமாகப் போனேன். பிள்ளையை நம் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று கெஞ்சினேன். இறப்பர் மலையில் வேலை செய்கிற ஒரு பெண், என் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடந்தவள், முகத்துக்கு நேரே கேட்டாள்: "மெம்பரம்மா, ஒங்க மகன் எங்க படிச்சு ஆபீசரானாரு? எங்க புள்ள மட்டும் இங்க கெடக்கணுமா?" அவளும் அவளைப் போன்றவர்களும் பிள்ளைகளைத் திரீவீல் ஆட்டோவில் அடைத்து டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஊர் என் பேச்சைக் கேட்கவில்லை, என் வீட்டைப் பார்த்தது. நீ படித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வருடமும் இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை என்று இறங்கிப் போனார்கள். மாலை போட்ட கழுத்தும் என்னுடையதுதான், அந்த வாங்குகளைக் காலியாக்கிய கையும் என்னுடையதுதான்.

இத்தனை வயதுக்குப் பிறகு பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஒரு தாய்க்கு ஆசை வரும். எனக்கு அந்த உரிமை குறைவு, இருந்தாலும் இரண்டு சொல்கிறேன். உன் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் வேண்டுமானாலும் சேர். அவளை எதற்கும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தாதே. உன் நல்ல பெயருக்கு அவளைத் தூணாக நட்டுவிடாதே, எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும். மற்றது, உன் அலுவலகக் கவுண்டருக்குத் தோட்டத்து ஆட்கள் வருவார்கள். கையில் சிங்களக் கடிதத்தை வைத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் உன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எரிந்து விழாதே. தெரியாத எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டான்.

உன் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் சேர் வந்தார். மீசை நரைத்துவிட்டது, அடுத்த வருடம் பென்ஷன். தயங்கித் தயங்கி, "அக்கா, பழையபடி செஞ்சிருவமா? கீழ்ப்பிரிவுல நாலஞ்சு பிள்ளைக கேட்டா தருவாங்க" என்றார். ஒரு நிமிடம் மனம் அந்தப் பக்கம் போனது, ஒளிக்க மாட்டேன். நீ கேட்ட கேள்விதான் காதில் நின்றது. "வேணாம் சேர். உள்ளத எண்ணிட்டுப் போகட்டும்" என்றேன். புதன்கிழமை சின்ன வயதுப் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். பதினொரு பிள்ளைகள். ஐந்து நிமிடத்தில் எண்ணி, ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, இந்தப் பள்ளித் தவணையோடு மூடிவிடுவதால் இடாப்புகளை எல்லாம் நிரப்பிக் கட்டி வலயக் கல்வி அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை.

நேற்று சேர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பழைய சேர்வு இடாப்பை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே விலகிய திகதி, விலகிய காரணம் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். ஒரு பெயருக்கு நேரே மட்டும் இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. உன் பெயர். கீழே என் கையெழுத்து, மெம்பர் என்ற கொழுப்பில் பெரிதாகச் சுழித்துப் போட்டது. அந்தத் தாளின்படி நீ இருபத்தைந்து வருடமாக அங்கேதான் நாலாம் தரம் படித்துக்கொண்டிருக்கிறாய். "வேறு பாடசாலைன்னு போட்டுறவாக்கா? மத்த பிள்ளைகளுக்கும் அதத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

பேனாவை அவரிடமிருந்து வாங்கினேன். இந்தப் பிள்ளை இங்கே சேரவே இல்லை, பொய்யாக எழுதக் கொடுத்தது தாய் என்று எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன். "இடாப்புல இப்படியெல்லாம் எழுதக்கூடாதுக்கா" என்றார். "எழுதியாச்சு சேர்" என்றேன். அவர் மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிக் கட்டினார். சபைப் பதிவில் இருக்கிற பொய்யைத் திருத்தச் சபை இல்லை. இதையாவது திருத்தினேன். உன் மகளைக் கேட்டது பிழை, தம்பி. இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன்னை நான் நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

மகளே, வாசித்து முடித்ததும் அவன் என்ன சொன்னான் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். சொல்ல இருந்தால் அவனே எழுதட்டும், அவனுக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதட்டும். அந்தக் காலைக் கூட்டத்தில் பேச இருந்தது என்ன என்று மட்டுமாவது எழுதட்டும். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து நம் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் டவுன் பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தில்தான் படிக்கப் போகிறார்கள். வாசித்துச் சொல்ல இங்கே இனி ஆளுக்குப் பஞ்சம் இருக்காது.

உன் அம்மா